புள்ளி வைத்த கை

ஸ்டியரிங் திரும்புகிறது, அதோடு கை திரும்புகிறது, கையோடு ஐந்து புள்ளிகளும் திரும்புகின்றன, மேலே ஒன்று, நடுவில் மூன்று, கீழே ஒன்று, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, பச்சை என்றும் சொல்ல முடியாத கறுப்பு என்றும் சொல்ல முடியாத ஒரு நிறத்தில், நான் இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து முதல் சீட்டில் மல்லிகைப்பூவும் மஞ்சள் கயிறுமாக உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வருகிறேன், கல்யாணமான புதிதில் எனக்கு அந்தப் பஸ்தான் ஊட்டி, அந்தப் பஸ்தான் கொடைக்கானல், ராஜபாளையத்தில் ஏறினால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று தென்காசி வரைக்கும் போய், இறங்காமல் அப்படியே திரும்பி வருவேன், பஸ் ஓட்டுகிற புருஷனை விட்டு இருக்க முடியாத பெண்டாட்டி என்று கண்டக்டர் கேலி செய்வார், செய்யட்டும், எனக்கு அந்தக் கை வேண்டும், அது கியரைத் தள்ளுவதில்லை, கியர் தள்ளுவது இடது கை, வலது கை பாட்டுக்குச் சும்மா ஸ்டியரிங்கின் மேல் கிடந்து வெயிலில் காயும், வளைவு வரும்போது மட்டும் ஐந்து புள்ளியும் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு உட்காரும். அது என்னங்க என்று கேட்டேன், அம்மாகிட்ட மச்சம்னு சொல்லி வச்சிருக்கேன், நீயும் அப்படியே வச்சுக்கோ என்றார், மச்சம் இப்படி ரேஷன் கடை வரிசை மாதிரியா நிற்கும் என்றேன், திருவிழாவில் விளையாட்டுக்குக் குத்திக்கொண்டது என்றார், சிரித்தார், நானும் சிரித்தேன், புதுப்பெண்டாட்டி எதற்கும் சிரிப்பாள்.

லீவு நாளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் பாயில் மல்லாந்து கிடப்பார், நான் அந்தக் கையை என் மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வேன், எனக்குப் புள்ளியைப் பார்த்தால் விரல் சும்மா இருக்காது, மார்கழி மாதம் எங்கள் தெருவை அடைத்துக் கோலம் போட்டு சைக்கிள்காரர்களிடம் சண்டை பிடிக்கிறவள் நான், ஐந்து புள்ளிக் கோலம் என்பது பாவாடை கட்டத் தெரிந்த பிள்ளை முதலில் பழகுவது, ஒரே கோடு, நாலு பக்கமும் நாலு சுழி, நடுப்புள்ளியைச் சுற்றிக்கொண்டு எடுத்த இடத்துக்கே வந்து சேரும், அதை நகத்தால் மெதுவாக அவர் கையில் போடுவேன், மேலே சுழித்து, வலது பக்கம் இறங்கி, கீழே சுழித்து, இடது பக்கம் ஏறி, அவர் கண்ணை மூடிக்கொள்வார், மூச்சு அடங்கிப் போகும், முகத்தில் ஒரு அமைதி வரும் பாருங்கள், என் தொடுதலில் இந்த மனுஷன் இப்படிக் கிறங்கிப் போகிறாரே என்று எனக்குத் தலைகால் புரியாது. எத்தனை மத்தியானங்கள், எத்தனை தரம் அந்தக் கோட்டை நான் போட்டேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது, கூலி இல்லாமல் அடுத்தவள் வீட்டு வாசலில் கோலம் போட்ட மாதிரி.

எங்கள் நாத்தனார் அமுதா வாசுதேவநல்லூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள், அன்றைக்குத்தான் சுகந்தியைப் பார்த்தேன், அமுதா வீட்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறவரின் மனைவி, சிரித்த முகம், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், வந்ததும் வராததுமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலைக்கு நின்றாள், எனக்குக்கூடப் பிடித்துத்தான் இருந்தது, மதினி அந்த மாவிலையைக் குடுங்க என்று ஸ்டூலில் ஏறித் தோரணம் கட்டக் கையைத் தூக்கினாள், ஜாக்கெட் கை மேலே ஏறியது, உள்பக்கத்தில், வெயில் படாத வெளுத்த தோலில், பச்சையாக ஒரு கோடு. நாலு சுழி, நடுவில் ஒரு கட்டம், புள்ளி இல்லை. கோலம் தெரியாதவர்களுக்கு அது ஒரு பூ, அவள் புருஷனுக்கும் பூவாகத்தான் இருந்திருக்கும், ஆம்பளைக்கு என்ன தெரியும், ஆனால் கோலம் போடுகிறவள் கண்ணுக்குப் புள்ளி இல்லாத சிக்குக்கோலம் பல் இல்லாத வாய் மாதிரி, என் கண் தானாகவே அதற்குப் புள்ளி வைத்தது, மேலே ஒன்று, நடுவில் மூன்று, கீழே ஒன்று, வைத்த பிறகுதான் அந்தப் புள்ளிகளை எங்கே பார்த்தேன் என்று உறைத்தது. அழகா இருக்கே, எங்க குத்தினது என்று கேட்டேன், அதுவா, சங்கரன்கோயில் ஆடித் தபசுல, சின்னப்பிள்ளைல செஞ்ச கூத்து என்று ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், அந்த நேரம் பார்த்து இவர் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார், அவள் இவரைப் பார்க்கவில்லை, இவர் அவளைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் தற்செயலாகப் பார்க்காமல் இருப்பது வேறு, இது அதில்லை, பார்க்காமல் இருப்பதற்கு இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். நான் அன்றைக்குப் பாயசம் சாப்பிடவில்லை, சர்க்கரை இருக்கிறதா மதினி என்று அமுதா கேட்டாள்.

திரும்பி வருகிற வழியில் பைக்கை நிறுத்தச் சொன்னேன், ஒரு வாய்க்கால் பாலம், தண்ணீர் இல்லை, கருவேலமரம், இவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கழற்றாமலே ஆமா, அவதான் என்றார், நான் இன்னும் கேட்கவே இல்லை. இவர் அப்போது இதே பஸ்ஸில் கண்டக்டர், அவள் பேண்டேஜ் கம்பெனிக்குத் தினமும் போய் வருகிறவள், டிக்கெட்டோடு மீதிச் சில்லறையைத் தருகிற சாக்கில் தொடங்கியது, தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பேட்டரி மிஷினும் படம் போட்ட அட்டையுமாக ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், பெயர் குத்தினால் வீட்டில் கொன்றுவிடுவார்கள், முதலெழுத்து குத்தினாலும் கண்டுபிடிப்பார்கள், முழுக் கோலத்தையும் இரண்டு பேர் கையிலும் குத்தினால் ஊரே ஜோடி சேர்த்துவிடும், அதனால் பங்கு பிரித்திருக்கிறார்கள், பாகப்பிரிவினை மாதிரி. அவளுக்குக் கோடு, எனக்குப் புள்ளி, தனித்தனியா பாத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சோம் என்றார். தெரியாதுதான், கோலம் போடுகிறவளைக் கட்டாமல் இருந்திருந்தால். அவள் அழுதாளா என்று கேட்டேன், ஏன் கேட்டேனோ, ஊசி குத்தும்போதா, இல்ல, நான்தான் அழுதேன், அவ சிரிச்சா என்றார், பிறகு அவளுக்கு மளிகைக்கடை மாப்பிள்ளை வந்தார், இவருக்கு நான் வந்தேன், கதை முடிந்தது என்றார். அவருக்கு முடிந்தது, எனக்கு அந்தப் பாலத்தில்தான் தொடங்கியது, புள்ளி வைத்த பிறகுதானே கோடு, அப்படியானால் முதலில் இவர் கையில் குத்தியிருப்பான், இவர் எரிகிற கையோடு பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோலில் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பார், மேலே சுழித்து, வலது பக்கம் இறங்கி, நான் என் மடியில் வைத்துப் போட்டேனே அதே கோடு, கண்ணை மூடிக்கொண்டு யாரிடம் போய் வந்தீர்கள் என்று கேட்க நினைத்து, எடுத்துருங்க என்றேன். சரி என்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நான் சண்டை போட்டு அழுது ஓய்ந்திருப்பேன், சரி என்று சொன்னதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

மதுரையில் தோல் டாக்டர், சின்னப் பெண், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், எத்தனை வருஷமாச்சு, என்ன மையில் குத்தினான், திருவிழா மையா, அப்ப அவனுக்கே தெரியாது, காயம் பட்டால் தழும்பு தடித்துக்கொண்டு வருமா, சர்க்கரை இருக்கிறதா, என்ன வேலை, டிரைவரா, வெயில் படுகிற கையா என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். ஒரே தடவையில் போகாது, விட்டு விட்டுப் பல தடவை வர வேண்டும், நடுவில் வெயில் படக்கூடாது, கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது, இவ்வளவும் செய்தாலும் நம்ம மாதிரி மாநிறத் தோலுக்கு மை போன இடத்தில் தோலின் சொந்த நிறமும் சேர்ந்து போய்விடலாம், வெள்ளையாக நின்றுவிட்டால் என்னிடம் வந்து நிற்கக் கூடாது என்றாள், இது பாட்டுக்கு வெளுத்துக்கொண்டேதான் வருகிறது, விட்டுவிட்டால் இன்னும் கொஞ்ச வருஷத்தில் நீங்களே தேடிப் பார்க்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் மேலேயே வேறு படம் குத்தி மறைக்கலாம், ஒரு மாசம் யோசிச்சுட்டு வாங்க என்றாள். எனக்கு எரிச்சல், காசை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்காமல் என்ன யோசனை, இவ்வளவு நாள் யோசிக்காமல் இருந்ததுதானே என் தப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். யாருக்கு இது வேண்டாம், உங்களுக்கா, மேடத்துக்கா என்று கேட்டாள், இவர் என்னைப் பார்க்காமல் எங்களுக்கு என்றார், அந்த எங்களுக்கு என்ற வார்த்தையை நான் வீடு வரை பத்திரமாக எடுத்து வந்தேன், அதை வைத்துக்கொண்டுதான் அந்த மாசத்தை ஓட்டினேன்.

மறுபடி போகிறோம், இரண்டு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள், எனக்கெதற்கு என்றால் ஒளி தெறிக்கும் என்கிறார்கள், கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம், முடி பொசுங்குகிற நாற்றம், இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார், கண்ணோரம் ஈரம், எனக்கு அதைப் பார்த்தும் ஆற்றாமைதான், குத்தும்போது அவளுக்காக அழுதார், எடுக்கும்போது யாருக்காக, இவருடைய அழுகை இரண்டையும் அந்தப் புள்ளிகளே வாங்கிக்கொண்டன, எனக்கென்று ஒரு சொட்டு மிச்சமில்லை. உடைகிற மை எங்கே போகும் டாக்டர் என்று கேட்டேன், உள்ளேதான் என்றாள், உடம்பு அதைப் பொடிப் பொடியாக அள்ளிக்கொண்டு போகும், கொஞ்சம் கழிவாகப் போகும், கொஞ்சம் அக்குளில் நெறி கட்டுமே அந்த இடத்தில் போய்த் தங்கிவிடும், ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க என்றாள். பயமா, நான் தலை வைத்துப் படுக்கிற இடம் அது, இதுவரை கையில் இருந்தவளை நானே காசு கொடுத்து உள்ளே அனுப்பிவைத்திருக்கிறேன், வெளியிலாவது அவள் கண்ணுக்குத் தெரிந்தாள், அதற்குப் பிறகு பல நாள் நான் இவருடைய இடது பக்கமாகவே படுத்தேன், என்ன பக்கம் மாறிட்டே என்று கேட்டார், ஃபேன் காற்று வரவில்லை என்றேன்.

ஒரு மத்தியானம் அப்படிப் படுத்திருக்கும்போது கனவா நினைவா தெரியவில்லை, எங்கள் வாசல் தெளித்துக் கிடக்கிறது, தரை வெதுவெதுப்பாக இருக்கிறது, நான் மாவை எடுத்துப் புள்ளி வைக்க வைக்கத் தரை அதை உறிஞ்சுகிறது, இன்னும் வைக்கிறேன், இன்னும் உறிஞ்சுகிறது, நிமிர்ந்தால் வாசல் மூச்சு விடுகிறது, மயிர் முளைத்த வாசல், இவர் கை, எதிரே சுகந்தி குனிந்து நின்று வெறும் கோட்டைப் போட்டுக்கொண்டே போகிறாள், புள்ளி இல்லாமலே போடுகிறாள், ஒரு சுழிகூடப் பிசகவில்லை, எனக்கு வந்த ஆத்திரத்தில் மாவுக் கிண்ணத்தை அப்படியே கவிழ்த்துவிட்டேன். விழித்தால் என் பக்கம் வந்து கிடந்த இவர் வலது கையில் நான் நகம் பதித்திருக்கிறேன், பொருக்குப் பிய்ந்து லேசாக ரத்தம், இவர் தூக்கத்திலேயே கையை இழுத்துக்கொண்டார், டாக்டர் பிய்க்கக் கூடாது என்றுதான் சொன்னாள், தூக்கத்தில் நடப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்.

புள்ளி போய்விட்டது, ஒவ்வொன்றாக வெளிறி, சாம்பலாகி, ஒருநாள் பார்த்தால் இல்லை, அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன். வெயில் படக்கூடாது என்று முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தேன், சித்திரை வெயிலில் இஞ்சின் சூட்டோடு அதைப் போட முடியுமா, மடித்துவிட்டுக்கொள்வார், கை கறுத்தது, கறுக்கக் கறுக்க மை இருந்த இடம் மட்டும் கறுக்கவில்லை, முதலில் நான்தான் பார்த்தேன், என்னைத் தவிர வேறு யார் பார்க்கப்போகிறார்கள், இவர் தண்ணீர்ச் செம்பை வாங்கக் கையை நீட்டுகிறார், கரிய தோலில், மேலே ஒன்று, நடுவில் மூன்று, கீழே ஒன்று, வெள்ளை வெளேரென்று, அப்போதுதான் யாரோ குனிந்து மாவால் வைத்துவிட்டுப் போன மாதிரி. பச்சையாக இருந்தபோது அதை யாரும் கண்டுகொண்டதில்லை, வெள்ளையான பிறகு பார்க்காதவர்கள் இல்லை, டிக்கெட் வாங்குகிறவன் கேட்கிறான், டீக்கடைக்காரன் கேட்கிறான், அமுதா வந்து பார்த்துவிட்டு வெண்படை கிண்படையா இருக்கப்போகுது மதினி, சங்கரன்கோயில் புற்றுமண் குழைச்சுப் போடுங்க, நல்லா கேக்கும் என்று ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள், குத்தினதும் சங்கரன்கோயில், மண்ணும் சங்கரன்கோயிலா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் குழைத்தேன், ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒவ்வொரு பொட்டாக என் விரலால் வைத்தேன், வைத்து முடித்துப் பார்த்தால் நானும் அந்தப் புள்ளிகளைத்தான் வைத்திருக்கிறேன், மண் காய்ந்து உதிர்ந்தது, அவை உதிரவில்லை. டாக்டரிடம் போகவில்லை, வந்து நிற்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள் அல்லவா, விடு, கைதானே, வேலை செய்யுதுல்லா என்றார் இவர், அவருக்கு எல்லாமே விடுதான்.

ஸ்டியரிங் திரும்புகிறது, இன்றைக்கு வெகு நாள் கழித்து அதே சீட்டில் நான், பூ இல்லை, முழங்கால் வலிக்குப் புளியங்குடி வைத்தியரைப் பார்க்கப் போகிறேன், கண்டக்டர் வேறு ஆள், எனக்கு டிக்கெட் கிழித்துவிட்டார், வாசுதேவநல்லூர் நிறுத்தத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினாள் சுகந்தி, கையில் ஒயர் கூடை, என்னைப் பார்த்து அமுதா வீட்டு மதினிதானே, நல்லா இருக்கீங்களா என்றாள், உட்கார இடமில்லை, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஜாக்கெட் கை ஏறியது, நான் பார்க்க மாட்டேன் என்று சன்னலைப் பார்த்தேன், பார்த்துவிட்டேன், கோடு அப்படியே இருக்கிறது, சதை தளர்ந்து சுழிகள் கொஞ்சம் தொங்கிப் போயிருக்கின்றன, அவ்வளவுதான், அவளிடம் அதை எடுக்கச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை, அது பூதானே. இவர் கண்ணாடியில் பார்த்தாரா, பார்த்திருப்பார், ஏறுகிறவர்களைப் பார்ப்பதுதான் அவர் வேலை, பார்த்த மாதிரி தெரியவில்லை, நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறேன், இத்தனை வருஷமாக எனக்குள் ஓடுகிற பஸ் இதுதான், இவர் ஓட்ட, அவள் நிற்க, நான் உட்கார்ந்து பார்க்க.

புளியங்குடி வந்தது, முன்வாசல் வழியாக இறங்க வந்தவள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள், ஸ்டியரிங் மேல் கிடந்த கையைப் பார்த்தாள், என்னண்ணே, கையில சுட்டுக்கிட்டீங்களா என்றாள். ஆமாம்மா, ரேடியேட்டர் தண்ணி தெறிச்சுருச்சு என்றார். பாத்துண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் எண்ணெய் பட்டு ஒரு மாசம் ஆறல என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தலையசைப்பு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அண்ணே என்றாள், நான் கேட்டேன், வாய் கூசாமல் அண்ணே என்றாள், இவர் அம்மா என்றார், மச்சம் என்றும் பூ என்றும் ஊருக்குச் சொன்ன அதே இரண்டு பேர் என்னை முன்னால் உட்காரவைத்து இன்னொரு பொய்யைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு கணம் ரத்தம் தலைக்கேறியது, இவர் முகத்தைப் பார்த்தேன், எதையாவது மறைக்கிற முகத்தை எனக்குத் தெரியாதா, பாலத்தில் ஹெல்மெட்டுக்குள் பார்த்த முகம் அது, இது அது இல்லை, பக்கக் கண்ணாடியில் ஒரு கிழவர் இறங்கி முடிக்கிறாரா என்று பார்க்கிற முகம், அவ்வளவுதான், அவள் போன பக்கம் அது திரும்பவே இல்லை. அவர் மறந்துவிட்டார். அவளும் மறந்துவிட்டாள், அவளுக்கு அது யாரோ ஒரு டிரைவரின் சுட்டுக்கொண்ட கை. நான் இறங்க வேண்டிய ஊர் இதுதான், எனக்கு எழுந்திருக்க மனசில்லை, கிழவர் இறங்கிவிட்டார், கண்டக்டர் விசில் அடித்துவிட்டார், என்ன இறங்கலையா என்று இவர் திரும்பிப் பார்த்தார், தென்காசி வரைக்கும் வாரேன் என்றேன், அவர் கியரைப் போட்டார், வளைவு வந்தது, வெயிலில் ஐந்து வெள்ளைப் புள்ளிகளும் எழுந்து ஒரு சுற்று சுற்றின, மடியில் கிடந்த கைப்பையின் மேல் என் விரல் தானாக ஓடுகிறது, மேலே சுழித்து, வலது பக்கம் இறங்கி, கீழே சுழித்து, இடது பக்கம் ஏறி, எடுத்த இடத்துக்கே வந்து சேர்கிறது, இந்த உலகத்தில் அந்தக் கோட்டை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறவள் நான் ஒருத்திதான், விரலை எடுக்காமல் மறுபடியும் மேலே போகிறேன்.